இருபத்துநாலு வோல்ட்

இருபத்துநாலு. ஆடல, அசங்கல, மீட்டர்ல எழுதி ஒட்டின மாதிரி நிக்குது. சுமை இல்லாதப்போ எல்லாரும்தான் சமர்த்து. இரு, இந்த லாரி ஹெட்லைட்டை உன் தலையில மாட்டறேன், அப்ப தெரியும் உன் வண்டவாளம். இடது கையை முதுகுக்குப் பின்னால வெச்சுக்கிட்டு வலது கையால மட்டும் க்ளிப்பை எடுக்கறேன். டிவி கம்பெனியில சேர்ந்தப்போ முதல்ல சொல்லிக்குடுத்த பழக்கம் இது. கரண்டு இருக்கற போர்டுல ஒரு கைதான் போகணும், ரெண்டு கையும் போனா ஒண்ணுல ஏறி இன்னொண்ணுல எறங்கும், நடுவுல இருக்கறது நெஞ்சு. நெஞ்சுன்னதும் மனசு அங்கயே போய் உக்காந்துக்குது. வேணாம், இப்ப வேணாம். க்ளிப்பு மாட்டியாச்சு. ஹெட்லைட்டு செவப்பா கண்ணைத் தொறந்து, மஞ்சளாகி, வெள்ளையாகப் போகுதுன்னு பார்த்தா மீட்டர்ல இருபத்திரெண்டு, இருபது, பத்தொம்போது, டிக். அணைஞ்சு போச்சு. கொஞ்சம் பொறுத்து அதுவா எழுந்திரிக்குது, செவக்குது, டிக். மறுபடியும் டிக். சுமை ஏறினாலும் எறங்கினாலும் வோல்ட்டு அசையாம நிக்கணும், அதுக்குப் பேரு ரெகுலேஷன். தாங்க முடியலன்னா எரிஞ்சு போகாம தானா நின்னுக்கணும், அதுக்குப் பேரு ஷட்டவுன். கம்பெனி மூடற வரைக்கும் நான் பார்த்த வேலை இந்த ரெண்டும்தான், எத்தனை ஆயிரம் போர்டு என் கையைத் தாண்டிப் போயிருக்கும். அதெல்லாம் அடுத்தவன் செஞ்ச போர்டு. இந்த பவர் சப்ளை நானே ட்ரான்ஸ்ஃபார்மர் கோர் வாங்கி, நானே கம்பி சுத்தி, ஒவ்வொரு காலா நானே சால்டர் வெச்சது. சொந்தப் புள்ளதான் சொன்ன பேச்சு கேக்காது போலிருக்கு. க்ளிப்பை எடுத்தேன். இருபத்துநாலு. பாரேன், மூஞ்சியை எவ்வளவு ஒழுங்கா வெச்சுக்குது.

ஹால்ல இவரு மைக்கைத் தொடைச்சுக்கிட்டு இருக்காரு. மூணாவது தடவை தொடைக்கறாரு. பஸ் டிப்போவுல டைம்கீப்பர் வேலை சோத்துக்கு, கபடி கமெண்ட்ரிதான் இவருக்கு உசுரு. பாடியிலேர்ந்து ஆவடி வரைக்கும் எந்த கிரவுண்டுல ஆட்டம்னாலும் ஏகாம்பரம் அண்ணன் வந்துட்டாரான்னுதான் பசங்க கேப்பாங்க. பொங்கல் சமயத்துல இந்த மனுஷனை வீட்டுல புடிச்சு வெக்க முடியாது, இந்த வருஷம் வெச்சிருக்கேன். இன்னைக்குக் காணும் பொங்கல், தெருவே பீச்சுக்கும் கோயிலுக்கும் கெளம்பிப் போயிட்டிருக்கு, இவரு லுங்கியோட உக்காந்து மைக்கைத் தொடைக்கறாரு. அஞ்சு மணிக்குப் பசங்க ஆட்டோ எடுத்துட்டு வராங்க. ஆயுத பூஜையன்னைக்குப் பாதியில நின்ன ஆட்டத்தை இன்னைக்குத்தான் மறுபடி வெக்கறாங்க, அண்ணன் பேசாம வெக்க மாட்டோம்னு மூணு மாசமா தள்ளிப் போட்டுட்டு இருந்தாங்களாம். அண்ணன் பேசாம. நான் வேற வாயைக் குடுத்து மாட்டிக்கிட்டேன். டாக்டர் போகலாம்னுட்டாரு, நான் கூடாதுன்னேன், இவரு ரெண்டு நாள் சாதத்தை அளைஞ்சாரு. அதைப் பார்க்க முடியாம, சரி, செட்டு சரியாகட்டும், சரியானா போங்கன்னேன். அன்னைக்கு இவரு விழுந்தப்போ ஆம்ப்ளிஃபையரும் மேடையிலேர்ந்து விழுந்து உள்ள இருந்த பவர் சப்ளை நொறுங்கிப் போயிருந்துச்சு. கடையில கேட்டா அந்த மாடலே இப்ப வரதில்லன்னாங்க. நானே செய்யறேன்னேன். இவரு மூஞ்சியில அப்படி ஒரு வெளிச்சம். எனக்கு உள்ளுக்குள்ள வேற கணக்கு, செய்ய மாசக்கணக்கா ஆகும், அதுக்குள்ள பொங்கல் போயிடும்னு. கை பாழாப்போன கை, பழக்கத்துல மடமடன்னு செஞ்சு முடிச்சுடுச்சு.

அன்னைக்கு நான் சமையக்கட்டுல சுண்டலுக்குத் தாளிச்சுக்கிட்டு இருந்தேன். கிரவுண்டு தண்ணி டேங்குக்குப் பின்னாடி, ரெண்டு தெரு தள்ளி. ஆட்டம் நடந்தா ஜன்னல் வழியா இவரு குரல் வந்துக்கிட்டே இருக்கும், நான் காதுல வாங்க மாட்டேன், ஃபேன் சத்தம் மாதிரி அது பாட்டுக்கு ஓடும். கடைசி ரெய்டு, எதிர்ல நாலு பேரு, காலைப் புடிச்சுட்டாங்க, இழுக்கறாரு, இழுக்கறாரு, கை நடுக்கோட்டை. அவ்வளவுதான். ஃபேன் நின்னாதான் ஃபேன் ஓடிட்டிருந்ததே தெரியும். கரண்டு போச்சோன்னு மேல பார்த்தேன், லைட்டு எரியுது. கடுகு வெடிச்சுக்கிட்டே இருக்கு. அந்தக் கடுகு வாசனை இன்னும் என்னை விட்டுப் போகல, மூணு மாசமா இந்த வீட்டுல தாளிப்பே கெடையாது, டாக்டர் எண்ணெய் கொறைக்கச் சொன்னாருன்னு இவருகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அடுப்பை அணைச்சேனா இல்லையான்னு தெரியல. ஒரு கால்ல செருப்பு இருந்துச்சு, இன்னொரு காலுல இல்ல, அதை ஆஸ்பத்திரி வராந்தாவுலதான் கவனிச்சேன். நடுக்கோட்டை, நடுக்கோட்டை, நடுக்கோட்டைத் தொட்டாரா. யாரைக் கேக்கறது. ரெய்டு போன பையன் தொட்டானா இல்லையான்னு யாருமே பார்க்கலியாம், அம்பயர்கூட மேடையைத்தான் பார்த்திருக்காரு. நெஞ்சுக்குள்ள அடைச்சிருந்த ரத்தக்குழாயில கம்பிவலைக் குழாய் ஒண்ணு வெச்சு அனுப்பினாங்க. அரிசி மணி தடிமன்தான்னாரு டாக்டர். அரிசி மணியை நம்பி ஒரு ஆளை எப்படி கிரவுண்டுக்கு அனுப்பறது.

சரி, வேலையைப் பாரு ரஞ்சிதம். வோல்ட்டு ஏன் எறங்குது. வெளிய இருக்கற வோல்ட்டை உள்ள இருக்கற ஐசிக்குப் போய்ச் சொல்ல ஒரு குட்டி ஆப்டோ இருக்கு, அது பொய் சொல்லுதோன்னு முந்தாநேத்து மாத்தியாச்சு. வெளிய இருக்கற கபாசிட்டர் உப்பியிருக்குமோன்னு புதுசு போட்டாச்சு. ஐசிக்குச் சாப்பாடு போடற சுத்து கம்மியோன்னு நேத்து ட்ரான்ஸ்ஃபார்மரையே பிரிச்சு மறுபடி சுத்தியாச்சு, விரல் நுனியெல்லாம் கீறல். எல்லாத்தையும் மாத்தினப்புறமும் அதே இருபத்திரெண்டு, இருபது, பத்தொம்போது, டிக். எழவே, உனக்கு என்னதான் வேணும். ஜன்னல் வெயில் மேசைக்குக் கீழ எறங்கி வலது கால் மேல விழுது, வெதுவெதுன்னு இருக்கு. நல்லாத்தான் இருக்கு. தை மாசத்து மத்தியான வெயில் ஒண்ணும் பண்ணாது. இப்படியே உக்காந்துக்கிட்டு இருக்கலாம் போல இருக்கு, இது சரியாக வேணாம், அஞ்சு மணி ஆகட்டும், பசங்க வரட்டும், செட்டு ரெடி ஆகலப்பான்னு சொல்லிடலாம். இந்த நெனப்பு எங்கேர்ந்து வந்துச்சு. நான் தேடறேனா, தேடற மாதிரி உக்காந்திருக்கேனா. ட்ரான்ஸ்ஃபார்மரைப் பிரிச்சிருக்கவே வேணாம், அது நல்லா இருந்துச்சு, எனக்கே தெரியும், ஒரு நாள் போகட்டும்னுதான் பிரிச்சேனோ. சேச்சே. அப்படியெல்லாம் இல்ல. இருந்தாலும் நேத்து சுத்திக்கிட்டு இருந்தப்போ மனசு நிம்மதியா இருந்துச்சு, அது உண்மை. வேலை பார்த்துக்கிட்டு இருந்த வரைக்கும் இவரும் ஹால்ல பத்திரமா இருந்தாரு.

ரஞ்சி, ஆம்ப்ளிஃபையர்ல போட்டுத்தான் பாரேன்ங்கறாரு. அதையும் பார்த்துடலாம். ஹெட்லைட்டைக் கழட்டி ஆம்ப்ளிஃபையர் ஒயரை மாட்டறேன், இடது கை முதுகுக்குப் பின்னாலயே. மெதுவா பேசுங்கன்னேன். ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன், டூ. நிக்குது, இருபத்துநாலு. நல்ல குரல்தான் இந்த மனுஷனுக்கு, கழுத்துக்குக் கீழேர்ந்து வர குரல், கல்யாணம் பேச வந்தப்போ பேரைச் சொன்னதுமே எங்க அக்கா என் இடுப்புல கிள்ளினா. மூணு மாசமா அந்தக் குரலைக் கேக்கவே இல்ல, காபி வேணும்ங்கறதையே காதுல ரகசியம் மாதிரி சொல்றாரு. நான்தானே சொன்னேன், சத்தமா பேசாதீங்கன்னு. மாடி ஏறாதீங்க, பால் பாக்கெட் தூக்காதீங்க, டீவியில ஆட்டம் பார்க்காதீங்க, குளிக்கறப்போ தாழ்ப்பாள் போடாதீங்க. எல்லாத்துக்கும் சரிங்கறாரு. சரி சரின்னு சொல்லிச் சொல்லி ஆளே பாதியா ஆயிட்ட மாதிரி இருக்கு. கொஞ்சம் ஏத்திப் பேசுங்கன்னேன், இது மெஷினுக்காகத்தான். இவரு தொண்டையைச் செருமிக்கிட்டு, அன்பார்ந்த கபடி ரசிகப் பெருமக்களேன்னு ஆரம்பிச்சு, ரசிகப் பெரு, டிக். வெட்டிடுச்சு. ஸ்பீக்கர் செத்துப் போச்சு. ஹால்ல சத்தமே இல்ல. நாற்காலியைத் தள்ளிட்டு எட்டிப் பார்த்தா இவரு மைக்கைக் கையில வெச்சுக்கிட்டு என்னையேதான் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காரு, நல்லாத்தான் இருக்காரு. நீ பயப்படறியேன்னுதான் நிறுத்திட்டேன்ங்கறாரு. நீங்க நிறுத்தல, அதுதான் நிறுத்திச்சுன்னேன். பேசி முடிச்சதும் எனக்குத்தான் மூச்சு வாங்குது.

மறுபடி வந்து உக்காந்தேன். நாலு மணி சங்கு ஊதிட்டான். மெதுவா பேசினா நிக்குது, சத்தமா பேசினா படுத்துக்குது. சத்தம்னா சுமை. சுமை ஏறும்போது உள்ள வர வோல்ட்டே கம்மியா இருந்தா? வீட்டுக் கரண்டா? ஃபேன் ஒழுங்காத்தான் சுத்துது, லைட்டும் மங்கல. இருந்தாலும் எங்கயோ உள்ள வர வழியில. கால் வெதுவெதுன்னு இருக்கு. வெயிலு. ஜன்னலைப் பார்த்தேன். வெயில் எப்பவோ பக்கத்து வீட்டு மதில்மேல ஏறிடுச்சு, என் கால் மேல நிழல்தான் இருக்கு. அப்ப இது என்ன சூடு. குனிஞ்சு கையை வெச்சுப் பார்த்தேன், சட்டுனு இழுத்துக்கிட்டேன், பால்பவுடர் டப்பா, சுடுது. டப்பாவுக்குள்ள நூறு வாட் குண்டு பல்பு. அட கடவுளே. பல்பு. பல்பு இன்னும் இருக்கு.

முதல்முதல்ல கரண்டு குடுக்கறப்போ நேரா சுவத்துல சொருகக் கூடாது, ஒரு குண்டு பல்பு வழியாத்தான் குடுக்கணும். போர்டுல எங்கயாவது தப்பா ஒட்டியிருந்தா பல்பு பளிச்சுன்னு எரிஞ்சு கரண்டைத் தானே வாங்கிக்கும், போர்டு பொழைச்சுக்கும். போன வாரம் நானும் அப்படித்தான் குடுத்தேன். கண்ணு கூசுதுன்னு பல்பை டப்பாவுக்குள்ள விட்டு மேசைக்கு அடியில தள்ளினேன், அத்தோட மறந்தாச்சு. இந்தத் தப்பை எங்க கம்பெனிக்காரி தவிர வேற எவளும் பண்ண மாட்டா. அங்க பல்பு மேசை மெஹ்ருன்னிசாவோடது. பல்பு எரியுதா அணையுதான்னு அவதான் பார்ப்பா, பார்த்து முடிச்சு, மெஹ்ரு பாஸுன்னு கத்திக்கிட்டே போர்டை என் பக்கம் தள்ளுவா. என் மேசையில பல்பே கெடையாது, நேரா கரண்டு, முழு சுமை. அத்தனை வருஷத்துல நான் ஒரு பல்பை மாட்டினதும் இல்ல, கழட்டினதும் இல்ல, கழட்டணும்னு என் கைக்குத் தெரியவே தெரியாது. வீட்டுல ஒரே மேசை. மெஹ்ருவும் நான்தான், நானும் நான்தான், பாஸுன்னு சொல்ல ஆளில்ல. மெஹ்ரு, நீ இருந்தா வயித்தைப் புடிச்சுக்கிட்டு சிரிச்சிருப்படி. சத்தம் ஏற ஏற பல்பு எரிஞ்சு வர கரண்டையெல்லாம் இதுவே தின்னிருக்கு, போர்டுக்குச் சோறே போகல, அது படுக்காம என்ன பண்ணும். ஆப்டோ மேலயும் கபாசிட்டர் மேலயும் பழியைப் போட்டு, சுத்தின கம்பியைப் பிரிச்சு, பாவம், போர்டுல ஒரு தப்பும் இல்ல. ஒரு தப்பும் இல்லாத போர்டை ஒரு வாரமா நோயாளின்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.

கை ப்ளக் மேல போயிடுச்சு, அங்கயே நிக்குது. இவருக்குத் தெரியாது. டப்பா என் காலுக்கும் சுவத்துக்கும் நடுவுல இருக்கு, யாருக்கும் தெரியாது. அஞ்சு மணி வரைக்கும் டிக் டிக்குன்னு உட்டுட்டா போதும், பசங்க வேற செட்டைத் தேடுவாங்க, வேற ஆளு பேசுவான், இவரு சரின்னுடுவாரு. இவரு சரின்னுடுவாருங்கறதுதான் என்னமோ பண்ணுது. டாக்டர் அந்த ரூம்ல என்ன சொன்னாரு, மொத ஆறு வாரம் ஜாக்கிரதை, அப்புறம் நடக்கட்டும், பேசட்டும், வேலைக்குப் போகட்டும், நீங்க கூடவே நின்னா அவரு எழுந்திரிக்கவே மாட்டாரும்மான்னாரு. ஆறு வாரம் எப்பவோ தாண்டிடுச்சு. பயமா இருக்கு. பயமா இருக்குன்னா இருக்குதான், அதுக்கு என்ன பண்றது. பல்பைக் கழட்டி நேரா குடுத்து, உள்ள ஏதாவது தப்பு இருந்தா பட்டாசு மாதிரி வெடிச்சுப் போகும், திரும்பச் செய்ய ஒண்ணும் மிஞ்சாது. கம்பெனியில வெடிச்சிருக்கு. ஆனா வெடிச்சது கம்மி, போனதுதான் அதிகம், லாரி லாரியா போச்சு, எங்கெங்கயோ எந்தெந்த வீட்டு ஹால்லயோ எரிஞ்சிருக்கும். ப்ளக்கைப் புடுங்கினேன். பல்பு டப்பாவைக் காலால தள்ளிட்டு, போர்டு ப்ளக்கைச் சுவத்துல நேரா சொருகினேன். ஒண்ணும் வெடிக்கல. இருபத்துநாலு.

பேசுங்கன்னேன். மெதுவாவான்னாரு. இல்லன்னேன். என் குரல் எனக்கே வேற யாரோ பேசற மாதிரி இருந்துச்சு. "அன்னைக்கு விட்ட எடத்துலேர்ந்து பேசுங்க. கிரவுண்டுல பேசற மாதிரியே பேசுங்க." இவரு மைக்கைக் கொஞ்சம் எறக்கினாரு. அவன் தொட்டானா இல்லையான்னு எனக்கே தெரியாதே ரஞ்சின்னாரு. அது எனக்குத் தெரியாது, நீங்க பேசுங்கன்னேன். நான் மீட்டரைப் பார்த்துக்கிட்டு நிக்கறேன், கை முதுகுக்குப் பின்னால, விரலை மடக்கி நகம் உள்ளங்கையில குத்துது. கடைசி ரெய்டு. எதிர்ல நாலு பேரு. காலைப் புடிச்சுட்டாங்க. குரல் ஏறுது, ஜன்னல் கண்ணாடி அதிருது, செல்ஃபுல எவர்சில்வர் டம்ளர் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்குது, இழுக்கறாரு, இழுக்கறாரு, கை நடுக்கோட்டை, நான் கண்ணை மூடிக்கிட்டேன், "கை நடுக்கோட்டைத் தொட்டதா, தொடவில்லையா, இன்று மாலை நமது மைதானத்தில் தெரியும், தாய்மார்களே, பெரியோர்களே, அனைவரும் வருக, வருக!" கண்ணைத் தொறந்தேன். இருபத்துநாலு. எதிர் வீட்டு மாடியிலேர்ந்து யாரோ கை தட்டறாங்க. இவரு நெத்தியெல்லாம் வேர்வை, சிரிக்கறாரு, வேர்வையைப் பார்த்ததும் என் கால் ஒரு அடி முன்னால போச்சு, நின்னுக்கிட்டேன். போகவான்னு கேட்டாரு. சட்டையை மாத்துங்க, அந்த நீலச் சட்டை அயர்ன் பண்ணி வெச்சிருக்கேன்னேன்.

நானும் வருவேன், பக்கத்துல உக்காருவேன், சத்தம் ஏறினா மைக்கைப் புடுங்குவேன்னு போன வாரமே சொல்லி வெச்சிருந்தேன். பொண்டாட்டியைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு எவனாவது கமெண்ட்ரி சொல்லுவானான்னு மொணமொணத்தாரு. ஆட்டோ வந்து நின்னப்போ நீ கெளம்பலையான்னாரு. சுண்டல் வேக வெச்சிருக்கேன், அடுப்பை விட்டுட்டு வர முடியாதுன்னேன். மாத்திரை சட்டைப் பையில இருக்குன்னு மட்டும் சொன்னேன். ஆட்டோ போச்சு. இப்ப சமையக்கட்டுல நிக்கறேன், ஜன்னல் வழியா இவரு குரல் வந்துக்கிட்டு இருக்கு, கணகணன்னு, தண்ணி டேங்கைத் தாண்டி, என் இருபத்துநாலு வோல்ட்டு மேல ஏறி நின்னுக்கிட்டு. யாரோ கபடி பாடிப் போறாங்க, யாரையோ மடக்கறாங்க. எண்ணெய் காய்ஞ்சிடுச்சு. கடுகு டப்பாவைத் தொறந்து மோந்து பார்த்தேன், கடுகு வாசனைதான், வேற ஒண்ணும் இல்ல. போட்டேன். வெடிக்குது. நடுக்கோட்டை நோக்கிக் கை நீள்கிறதுங்கறாரு, நின்னு போச்சு. குரல் நின்னு போச்சு. லைட்டு எரியுது. கடுகு வெடிக்குது. போர்டா, ஆளா. போர்டுதான், போர்டா இருக்கட்டும், வெடிச்சுப் போயிருக்கட்டும். அடுப்பை அணைச்சேன், இந்தத் தடவை அணைச்சேன், எனக்கே தெரியுது. வாசல்ல ஒரு காலுல செருப்பு மாட்டியாச்சு. இன்னொரு செருப்பைக் காலால துழாவறேன், கதவைப் புடிச்சுக்கிட்டு, இடது கை பாட்டுக்கு முதுகுக்குப் பின்னால போய் ஒட்டிக்கிட்டு இருக்கு. நில்லு. கொஞ்சம் நில்லு. ஓடாத. தெருவுல ஒரு நாய் நடந்து போகுது. அப்புறம் ஸ்பீக்கர்ல ஒரு செருமல். "ரஞ்சி, ஒண்ணுமில்ல. தண்ணி குடிச்சேன்." கிரவுண்டே சிரிக்குது. ரெண்டு தெருவும் கேட்டிருக்கும், மானத்தை வாங்கிட்டாரு மனுஷன். அப்புறம்தான் சொன்னாரு, தொட்டுட்டாருன்னு. நான் செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு உள்ள வந்து அடுப்பைப் பத்த வெச்சேன்.